சிமுலேஷனில் பச்சை வந்தாலும் கோர் வீணாகலாம்

பிளாஸ்டிக் அச்சுகளை சிஎன்சி மெஷினில் வெட்டும் மோல்டு டூல் ரூமில் ஒரு கேவிட்டியோ (அச்சின் குழிப் பக்கம்) கோரோ (மேட்டுப் பக்கம்) ஸ்கிராப் ஆனால் முதலில் டூல்பாத்தைத்தான் (வெட்டும் டூல் போகும் பாதை) திறந்து பார்ப்பார்கள். பெரும்பாலும் அங்கே ஒன்றும் கிடைக்காது. மாடலை வாங்கியபோதோ, டூல் லைப்ரரியிலோ, செட்டப் ஷீட்டிலோ (ஆபரேட்டருக்குப் போகும் குறிப்புத் தாள்) தப்பு முன்பே நடந்திருக்கும். புரோகிராமைத் திரையில் ஓட்டிக் காட்டும் சிமுலேஷன் நாம் கொடுத்ததை வைத்துத்தான் சரி பார்க்கும். கொடுக்காமல் விட்டதைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும் ஷ்ரிங்கேஜையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏபிஎஸ் 0.4 முதல் 0.7 சதவீதம் சுருங்கும், பாலிபுரோப்பிலீன் 1 முதல் 2.5 வரை போகும். ஏபிஎஸ்ஸுக்கு 0.5 வைத்தால் 100 மில்லிமீட்டர் பார்ட்டுக்குக் கேவிட்டி 100.5. டிசைனர் ஏற்கெனவே ஸ்கேல் பண்ணியதைத் தெரியாமல் புரோகிராமரும் பண்ணினால் 101. இரண்டு மாடலும் திரையில் ஒன்றுபோலவே இருக்கும், அச்சில் சோதனையாக அடித்த டிரையல் ஷாட்டை அளக்கும்வரை யாருக்கும் தெரியாது. பார்ட் டிராயிங்கின் மிக நீளமான அளவை எடுத்து மாடலில் அதே இடத்தை அளந்து பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

அதிகம் அடிபடுவது ஓவர்ஹேங்கில்தான், அதாவது டூலைப் பிடிக்கும் ஹோல்டருக்கு வெளியே டூல் நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தில். 60 மில்லிமீட்டர் ஆழப் பாக்கெட்டுக்கு 6 மில்லிமீட்டர் பால் நோஸ் (உருண்டை முனை டூல்) போட்டு, லைப்ரரியில் ஹோல்டரை வரையாமல் நீளம் 35 என்று விட்டால் சிமுலேஷன் சுத்தமாக ஓடும். மெஷினில் ஹோல்டர் சுவரை முட்டப் போகிறது என்று பார்த்த ஆபரேட்டர் டூலை 65-க்கு இழுத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் டூல் வளைவு நீளத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 35-லிருந்து 65 என்றால் ஆறு மடங்குக்கு மேல். சுவரின் அடியில் ஸ்டாக் (வெட்டப்படாத உலோகம்) மிஞ்சும். மூலையில் லோடு திடீரென ஏறும்போது டூல் உள்ளே இழுத்துக் குழி விழும். அதற்குப் பிறகு வெல்டிங்தான். ஹோல்டரை உள்ளபடி வரைந்து, தேவையான நீளத்தைச் செட்டப் ஷீட்டில் எழுதுங்கள். அந்த நீளத்துக்கு 6 எம்எம் தாங்காது என்று அப்போதே தெரியும். அந்த மூலையை எலக்ட்ரோடுக்கு (மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் முறைக்கு) விட்டுவிடலாம்.

பால் நோஸில் இன்னொரு ஏமாற்று உண்டு. தட்டையான தரையில் 0.2 ஆழம் வெட்டும்போது 6 எம்எம் டூலின் உண்மையான வெட்டு விட்டம் 2.15 மட்டுமே. 10,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 188 மீட்டர் வேகம் என்று கணக்குக் காட்டும், உண்மையில் 67தான். நுனி மையத்தில் வேகம் பூஜ்யம், அது வெட்டாது, தேய்க்கும். பளபளப்பு வரவில்லை என்று ஸ்டெப் ஓவரை (அடுத்தடுத்த பாதைகளின் இடைவெளி) குறைத்துக்கொண்டே போவது, என் கணிப்பில், மெஷின் நேரத்தை எரிப்பதுதான். தரைக்கு புல் நோஸ் (அடி தட்டையாக, மூலை மட்டும் உருண்ட டூல்) போடுங்கள்.

ஷட் ஆஃப் முகங்களை (அச்சு மூடும்போது ஒன்றோடொன்று ஒட்டும் முகங்கள்) மாடலிலேயே தனி நிறத்தில் குறித்து, ஸ்பாட்டிங்குக்கு (கையால் பொருத்திச் சரிசெய்ய) 0.03 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை உலோகம் விடுங்கள். டூல்பாத் பார்ட்டிங் லைன் (அச்சின் இரு பாதிகள் பிரியும் கோடு) விளிம்பில் உருண்டு இறங்கினால் கூர்மை போய்விடும். நைலான் மாதிரி தண்ணீராக ஓடும் பிளாஸ்டிக்குக்கு 0.02 இடைவெளி போதும், பிளாஷ் (இடுக்கில் பிதுங்கும் பிளாஸ்டிக்) வந்துவிடும். மாடலில் பரப்பை வெளியே நீட்டி, ஓட்டைகளை மூடிவிட்டு டூல்பாத் போட்டால் விளிம்பு நிற்கும்.

எலக்ட்ரோடு புரோகிராமில் ஸ்பார்க் கேப்புக்காக (பொறி பாயும் இடைவெளி) மைனஸ் ஸ்டாக் கொடுப்போம், அதாவது மாடலைவிடச் சிறிதாக வெட்டுவோம், பக்கத்துக்கு 0.1 என்று. டூலின் மூலை ரேடியஸ் அந்த 0.1-ஐவிடப் பெரிதாக இருக்க வேண்டும். கூர்மூலை எண்ட் மில்லில் மூலைக் கணக்கு தப்பும். மாடலைவிட உள்ளே வெட்டுவதால் திரை முழுக்கச் சிவப்பாகும். எரிச்சலில் கௌஜ் செக்கை (மாடலுக்குள் வெட்டினால் எச்சரிக்கும் சோதனை) அணைத்துவிட்டு, அடுத்த கோர் வேலைக்கும் அதே டெம்ப்ளேட்டை எடுப்பவர்கள் நிறையப் பேர்.

மெஷினில் 7-ஆம் டூலுக்கு (டி7) 6-ஆம் டூலின் நீள ஆஃப்செட் (எச்6) எடுத்திருந்தால் எந்த சிமுலேஷனும் காப்பாற்றாது. முதல் ஓட்டம் இசட்டை 100 மில்லிமீட்டர் தூக்கி, சிங்கிள் பிளாக்கில் (வரிக்கு வரி நிறுத்தி), ரேப்பிட் (வெட்டாமல் நகரும் வேகம்) 25 சதவீதத்தில் போகட்டும். இசட் ஜீரோவை (ஆழத்தை அளக்கத் தொடங்கும் இடம்) மேல்முகத்தில் வைக்காதீர்கள். ஹீட் ட்ரீட்மென்ட் முடிந்து கிரைண்டிங்குக்குப் போய்வந்த இன்சர்ட்டில் (அச்சில் பொருத்தும் தனித் துண்டு) மேல்முகம் 0.2 குறைந்திருக்கும், பழைய புரோகிராமை ஓட்டினால் எல்லா ஆழமும் 0.2 கீழே இறங்கிவிடும். கிரைண்டிங்கில் தொடாத அடிமுகத்திலிருந்து எடுத்து, எந்த முகம் என்று செட்டப் ஷீட்டில் படமாகவே போட்டுவிடுங்கள்.