ஏழு முறை ஊற்றினாலும் மணக்கும் இலை

சீனாவின் ஃபூஜியான் மாகாணத்திலுள்ள ஆன்ஷி, டியெகுவான்யின் தேயிலைக்குப் பேர்போன ஊர். ஏழு முறை வெந்நீர் ஊற்றினாலும் அதில் மணம் மிச்சமிருக்கும் என்று அங்கே சொல்வார்கள். வியாபாரிகளின் பேச்சு போலத் தோன்றினாலும் இதில் மிகை குறைவுதான்.

பச்சைத் தேயிலை, கறுப்புத் தேயிலை எல்லாம் ஒரே செடிதான். பறித்தபின் இலையை எவ்வளவு தூரம் ஆக்சிஜனேற்றம் அடையவிடுகிறார்கள் என்பதுதான் வேறுபாடு. டியெகுவான்யின் இடைப்பட்ட ஊலாங் ரகம். மரபு முறையில், வாடிய இலையை மூங்கில் உருளையில் போட்டுக் குலுக்குகிறார்கள். ஓரங்கள் நசுங்கி, நொதிகள் வேலைசெய்து, அங்கே மட்டும் சிவக்கும். நடுப்பகுதி பச்சையாகவே நிற்கும். குலுக்குவது, ஆறவிடுவது, மறுபடி குலுக்குவது என்று இரவெல்லாம் இந்த வேலை நடக்கும். இலையின் செல்களுக்கு அப்போதும் உயிர் இருக்கிறது. வாங்கிய அடிக்குப் பதிலாக அவை இண்டோல், நெரோலிடால் போன்ற மணப்பொருள்களைச் சேர்க்கின்றன. இண்டோல் விசித்திரமானது: செறிவாக இருந்தால் மலநாற்றம், மிகச் சிறிதளவானால் பூமணம். நம் மல்லிகையிலும் அது உண்டு. சீனர்கள் இந்தத் தேநீரில் ஆர்க்கிட் மணம் என்பார்கள். ஆர்க்கிட்டை முகர்ந்தே பார்க்காதவர் மல்லிகை என்று எழுதிக்கொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

பிறகு சூட்டில் வாட்டி நொதிகளை முடக்கி, துணியில் இறுகக் கட்டி உருட்டி, உலர்த்துகிறார்கள். இறுகிய உருண்டை ஒரே மூச்சில் விரியாது. ஏழு முறை ஊற்ற முடிவதற்கு இது ஒரு காரணம். ஊற்றும் முறை இன்னொன்று.

மூடி போட்ட கைவான் கிண்ணத்தில் சுமார் 100 மில்லி நீருக்கு 6, 7 கிராம் இலை. கொதிநீரை ஊற்றி, சில வினாடிகளிலேயே வடித்துவிட வேண்டும். இலையிலுள்ள தியானின் என்ற அமினோ அமிலம் எளிதில் கரைந்து இனிமையையும், உமாமி என்ற ஊன்சாறு போன்ற சுவையையும் தரும். இலையின் துவர்ப்பான சேர்மங்களான கேட்டசின்கள் நேரமும் சூடும் கேட்பவை. ஹாங்சோவின் லோங்ஜிங் பச்சைத் தேயிலைக்குப் பலர் 80 டிகிரி நீரே போதும் என்பது இதனால்தான். அதே சலுகையை ஊலாங்குக்குக் கொடுத்தால் உருண்டையும் சரியாக விரியாது, மணமும் எழாது.

ருசிப்பவர் முதலில் கசப்பையும் துவர்ப்பையும் பிரித்தறிய வேண்டும். அறுசுவையில் நாம் துவர்ப்பைச் சேர்த்திருந்தாலும், உடலியல் அதைப் பெரும்பாலும் தொடு உணர்வாகவே கொள்கிறது. கேட்டசின்கள் எச்சிலின் புரதங்களோடு ஒட்டித் திரள்கின்றன. வழுவழுப்பு போய்க் கன்னத்தின் உட்புறம் சொரசொரக்கிறது. கசப்பு நாக்கின் ஏற்பிகளில் நிகழ்வது. பூமணமோ தொண்டைக்குப் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடித்து, விழுங்கியதும் விரலை எடுத்துப் பாருங்கள். மணம் அந்தக் கணத்தில்தான் வந்து சேரும். சத்தம்போட்டு உறிஞ்சுவதும் மணத்தைக் காற்றோடு கலந்து மேலே அனுப்பத்தான். நாகரிகம் பார்த்தால் நஷ்டம் நமக்கே.

மதிப்பீட்டாளர்களின் முறை இன்னும் கடுமையானது. சீனத் தேசியத் தரமுறைப்படி ஊலாங்குக்கு 5 கிராம் இலை, 110 மில்லி கொதிநீர். அதே இலையை மூன்று முறை ஊறவிடுவார்கள்: முதலில் 2 நிமிடம், அடுத்து 3, பிறகு 5. ஒவ்வொரு முறையும் வடிப்பதற்கு முன் மூடியை முகர்வார்கள். முதல் முறை தேடுவது புகை, பூஞ்சை போன்ற கெட்ட வாடையை. இரண்டாவதில் மணம் எந்த வகை என்பதை. மூன்றாவதில் அது எவ்வளவு தாங்குகிறது என்பதை.