காற்புள்ளியில் தடுக்கி விழுந்த ரோபோ

மாதக் கடைசியில் அந்தக் கந்தோருக்குள் போனால் விசைப்பலகைச் சத்தம் மட்டும்தான் கேட்கும். யாழ்ப்பாண நகரில் உள்ள ஒரு மொத்த வியாபார நிலையம் அது. கணக்குப் பகுதியில் இருக்கும் அக்கா, ஏறக்குறைய எழுபது ஊழியர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், சம்பளம் ஆகியவற்றை எக்செல் தாளில் பார்த்துப் பார்த்து, சேமலாப நிதிக் கணக்கு மென்பொருளில் தட்டுவார். ஊழியர் பங்கு 8 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம். கணக்கு சின்னது, தட்டுவதற்குத்தான் இரண்டு நாள்.

இதை ரோபோவிடம் விடலாமா என்று கேட்டு என்னை அழைத்தார்கள். போன அன்று முதலாளி என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையும் காலுமாக ஏதோ வெளியே வரும் என்று நினைத்திருக்க வேண்டும். ரோபோட்டிக் பிராசஸ் ஆட்டோமேஷன் என்ற பெயரில் ரோபோ இருந்தாலும் அது வெறும் மென்பொருள்தான். மனிதன் சுட்டியாலும் விசைப்பலகையாலும் திரையில் செய்வதை அப்படியே செய்யும்.

எக்செலில் மேக்ரோ, அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளைத் தொகுப்பு, எழுதியவர்கள் “இது எங்களிடம் இருக்கிறதே” என்பார்கள். மேக்ரோ தன் வளவுக்குள் மட்டும் வேலை செய்யும். ரோபோ வேலிப்பொட்டுக்குள்ளால் அடுத்த வளவுக்கும் போய்வரும். இரண்டு மென்பொருள்கள் தமக்குள் நேரடியாகத் தகவல் பரிமாற ஒரு படலை இருந்தால் அதுதான் சிறந்த வழி, சந்தேகமே இல்லை. ஆனால் இங்கே இருந்த மென்பொருளுக்குப் படலை இல்லை. எழுதிக் கொடுத்தவரும் வெளிநாடு போய்விட்டார்.

சரி, ரோபோ திரையை எப்படிப் பார்க்கிறது? பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. திறந்திருக்கும் சாளரம் ஒவ்வொன்றுக்கும் விண்டோஸ் உள்ளே ஒரு வம்ச விருட்சம் வைத்திருக்கிறது. சாளரத்தின் பிள்ளை படிவம், படிவத்தின் பிள்ளைகள் பெட்டிகளும் பொத்தான்களும். ஒவ்வொன்றுக்கும் பெயர், வகை, அடையாளம் உண்டு. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள்கள் இந்த விருட்சத்தைத்தான் படிக்கின்றன. ரோபோவும் அதே வழியால் ஏறி, “சம்பளம் என்ற பெட்டி எங்கே?” என்று தேடிப் பிடிக்கிறது. அதனால் பெட்டி இடம் மாறினாலும் பிழையில்லை. அடையாளம் மாறினால்தான் திகைத்து நின்றுவிடும். விருட்சம் கிடைக்காத திரைகளில் மட்டும் பொத்தானின் படத்தை ஒப்பிட்டுப் பார்க்கும். அது கொஞ்சம் தள்ளாட்டமான வழி.

இப்படியான ரோபோ மென்பொருள் செய்யும் நிறுவனங்களில் புளூ பிரிசம் 2001இல் பிரித்தானியாவிலும், இன்று யூஐபாத் என்று அறியப்படும் நிறுவனம் 2005இல் புக்கரெஸ்டிலும் தொடங்கின. 2021இல் மைக்ரோசாஃப்ட் பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப் என்ற தன் ரோபோ மென்பொருளை விண்டோஸ் 10 பாவனையாளர்களுக்கு இலவசமாக்கிய பிறகு சிறிய கடைகளாலும் இதைத் தொட முடிகிறது.

விதி உறுதியாக இருந்தால் ரோபோ கெட்டிக்காரன். பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். பெப்ரவரி 14 பிறந்த ஆணுக்கு 045, பெண்ணுக்கு 545. எழுபது பேருடைய பிறந்த திகதியையும் இலக்கத்துடன் ஒப்பிட்டுப் பார் என்றால் ரோபோவுக்கு அது கண் மூடித் திறக்கிற வேலை.

பெயர்களில்தான் வினை வந்தது. இரவில் ஓடவிட்டுக் காலையில் வந்து பார்த்தால், இரத்தினம் என்பவருடைய அடையாள அட்டை இலக்கம் சம்பளப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. கோடிக்கணக்கில் சம்பளம்! இந்திராணிக்கும் அதே அதிர்ஷ்டம். கமலநாதனுக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை.

அக்கா திரையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, எல்லாம் இகரத்தில் தொடங்கும் பெயர்கள்.”

பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தது. நம் ஊரில் எத்தனை கந்தோர்க் கோப்புகள் இன்னும் பாமினியில் இருக்கின்றன என்பதைச் சொல்லத் தேவையில்லை. அது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோட் அல்ல. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அதில் “இ” என்பது காற்புள்ளி. நானோ, தகவல்களைக் காற்புள்ளியால் பிரித்து ஒரு கோப்பில் எழுதி, அதிலிருந்து எடுத்துப் பெட்டிகளில் நிரப்பும்படி ரோபோவுக்குச் சொல்லியிருந்தேன். பெயரின் முதலெழுத்தே பிரிப்பானாகிவிட, மிச்சம் எல்லாம் ஒரு பெட்டி தள்ளி விழுந்தது. மனிதக் கை என்றால் முதல் ஆளிலேயே “இது என்ன சம்பளம்?” என்று நின்றிருக்கும். ரோபோ ஒரு முணுமுணுப்புமில்லாமல் கடைசி ஆள் வரை போயிருந்தது.

இப்போது பாமினியை யுனிகோடாக மாற்றிய பிறகே பட்டியலைத் தொடுகிறது. சம்பளம் வழமையான எல்லைக்குள் இல்லையென்றால் தொடராது. பெட்டி திறக்கும்வரை காத்திருக்கிறது; இணையம் மந்தமான நாட்களில் இந்தப் பொறுமை இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் வெறும் திரையில் கொட்டுண்ணும். இரண்டு நாள் வேலை நாற்பது நிமிடத்தில் முடிகிறது. தீர்மானிக்க முடியாதவற்றைத் தனித் தாளில் ஒதுக்கி வைக்கிறது.

காலையில் அக்கா முதலில் திறப்பது அந்தத் தாளைத்தான். போன மாதம் அதில் ஒரே ஒரு வரி: தங்கராசா என்று ஓரிடத்தில், தங்கராஜா என்று இன்னோரிடத்தில். ரோபோவுக்கு இருவர். அக்கா கண்ணாடியைக் கூடப் போடவில்லை. “இவர் எங்கள் சுன்னாகத்துத் தங்கராசாதான்” என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.