செல்லாக்காசைப் பிரித்தறியும் காந்தம்

காசு போட்டு இயக்கும் பழைய எந்திரங்களைச் சேகரிப்பவர்கள் அவற்றின் வண்ணக் கண்ணாடியையும் மரப்பெட்டியின் வேலைப்பாட்டையும் பற்றி நிறையப் பேசுவார்கள். என்னைக் கேட்டால், பந்தைத் தட்டி விளையாடும் பின்பால் மேசையானாலும் பாட்டிசைக்கும் ஜூக்பாக்ஸானாலும் அதன் மிக நுட்பமான உறுப்பு காசுக் கதவின் உட்புறத்தில் மாட்டியிருக்கும் சிறிய தகரப் பெட்டிதான். நாணயச் சோதிப்பான் எனப்படும் இந்தப் பெட்டிக்கு மின்சாரம் தேவையில்லை. புவியீர்ப்பு, ஒரு சிறு தராசு, ஒரு நிலைக்காந்தம், ஓர் எஃகுத் துண்டு ஆகியவற்றை மட்டும் கொண்டு, விழுவது நல்ல காசா செல்லாக்காசா என்பதை அது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவுசெய்துவிடுகிறது.

முதல் நூற்றாண்டிலேயே அலெக்சாண்ட்ரியாவின் ஹீரோ, காசு போட்டால் புனித நீர் தரும் கருவி ஒன்றை விவரித்திருக்கிறார். நெம்புகோலின் ஒரு முனையிலுள்ள தட்டில் காசு விழுந்ததும் மறுமுனை அடைப்பானைத் திறக்கும். தட்டு சாய்ந்து காசு நழுவியதும் அடைப்பான் மூடிக்கொள்ளும். எடையை மட்டுமே நம்பும் எந்தக் கருவிக்கும் உள்ள குறை இதற்கும் உண்டு: போதிய கனமுள்ள ஈயத் துண்டையும் அது காசாகவே ஏற்றுக்கொள்ளும்.

பிற்காலச் சோதிப்பான் இந்த ஏமாற்றை எப்படித் தடுக்கிறது என்பதை அமெரிக்காவின் ஐந்து சென்ட் நாணயத்தை வைத்துப் பார்க்கலாம். அதன் விட்டம் 21.21 மி.மீ., எடை 5 கிராம். அதில் செம்பு 75 விழுக்காடும் நிக்கல் 25 விழுக்காடும் கலந்திருக்கின்றன. அளவில் பெரியது துளைக்குள் நுழையாது. நுழைந்த காசு தராசின் இரு கைகளுக்கு நடுவே போய் அமரும்; விட்டம் குறைந்தது அந்த இடைவெளியிலேயே கீழே நழுவிவிடும், எடை குறைந்தது தராசைச் சாய்க்க முடியாமல் நின்றுவிடும். இரண்டிலும் தேறிய காசு சரிவில் உருண்டு காந்தத்தைக் கடக்கிறது. இரும்புத் துண்டாக இருந்தால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். திருப்பித் தரும் பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு கை அதை வழித்துத் தள்ளிவிடும்.

இரும்பல்லாத போலிகளிடம்தான் காந்தம் தன் உண்மையான வேலையைக் காட்டுகிறது. காந்தப்புலத்தின் ஊடே மின்கடத்தி ஒன்று நகரும்போது அதற்குள் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. அவை அந்த நகர்வையே எதிர்த்து வேகத்தைக் குறைக்கின்றன. வேகம் எவ்வளவு குறையும் என்பது உலோகத்தின் மின்கடத்துதிறனுக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. செம்பு–நிக்கல் கலவையின் கடத்துதிறன் தூய செம்பின் கடத்துதிறனில் ஏறத்தாழ 20-இல் ஒரு பங்குதான் என்பதால் நல்ல காசு அவ்வளவாகத் தடைபடுவதில்லை. பித்தளை, துத்தநாகம் போன்றவை வெகுவாக வேகமிழந்து, எட்ட வேண்டிய இடத்தை எட்டாமல் முன்னதாகவே விழுந்துவிடுகின்றன. ஈயம் கடத்துவதும் குறைவு, அடர்த்தியும் அதிகம். ஆகவே நல்ல காசின் வேகத்துக்கு நெருக்கமாகவே காந்தத்தைக் கடந்துவிடக்கூடும். அதைப் பிடிப்பது கடைசியாக உள்ள எஃகுத் துண்டு: கெட்டியான காசு அதில் மோதி எகிறி, தடுப்பைத் தாண்டி ஏற்புப் பாதையில் விழுகிறது; மென்மையான ஈயமோ எகிறாமல் திரும்பும் பாதையில் போய்ச் சேர்கிறது.

இந்தப் பெட்டியின் செல்வாக்கு நாணயச் சாலை வரைக்கும் எட்டியது. போர்க்காலத்தில் நிக்கலை மிச்சப்படுத்த 1942-இல் ஐந்து சென்ட் நாணயத்தின் கலவையை மாற்றியபோது, எந்திரங்கள் ஏற்கத்தக்கதாக 56 விழுக்காடு செம்பும் 35 விழுக்காடு வெள்ளியும் 9 விழுக்காடு மாங்கனீசும் கொண்ட கலவையைத் தேர்ந்தார்கள். 1965-இல் கால் டாலர் நாணயத்திலிருந்து வெள்ளியை நீக்கியபோதும், செம்பு நடுவும் செம்பு–நிக்கல் மேலடுக்குமாக அமைத்ததற்கு, பழைய சோதிப்பான்கள் வெள்ளிக் காசோடு புதிய காசையும் ஏற்க வேண்டும் என்பது முக்கியக் காரணமாக இருந்தது.

பழைய எந்திரத்தைப் பராமரிப்பவர் இந்த இயக்கத்தை அறிந்திருந்தால் பல கெடுதல்களைத் தவிர்க்கலாம். காசு உருளும் பாதையில் எண்ணெய் விடக்கூடாது. அதில் தூசு படிந்து பிசினாக இறுகினால் வேகம் மாறி, நல்ல காசும் திரும்பி வந்துவிடும். காந்தத்தில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகள்களை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுப்பதே போதுமானது. தராசின் கைகளை வளைத்துச் 'சரிசெய்வது' அநேகமாக அதைக் கெடுப்பதில்தான் முடியும்.

சில பாகங்களை எவ்வளவு பேணினாலும் காப்பாற்ற முடியாது. துத்தநாகக் கலவையில் வார்த்த பழைய பாகங்களில் ஈயம் மாசாகச் சிறிதளவு கலந்திருந்தாலே, உலோகப் படிகங்களின் எல்லைகளை ஒட்டி அரிப்பு பரவுகிறது; பாகம் மெல்ல வீங்கி, வெடித்து, கடைசியில் கையோடு உதிர்கிறது. மிகத் தூய துத்தநாகத்தைக் கொண்டு 1929-இல் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் உருவாக்கிய சமாக் கலவைகள் இதற்குத் தீர்வாயின என்றாலும், மாசு கலந்த வார்ப்புகள் அதன் பிறகும் சந்தைக்கு வந்துகொண்டிருந்தன. ஈரப்பதத்தைக் குறைத்தால் அழிவைத் தாமதப்படுத்தலாமே தவிர, தொடங்கிவிட்ட அரிப்புக்கு மருந்து கிடையாது. வீக்கம் அளவுகளைத் திரித்துவிடும் முன்பே பாகத்தை அளந்து, படமெடுத்து, மாற்றுப் பாகம் ஒன்றை வார்த்து வைப்பதுதான் செய்யக்கூடியது. அந்த மாற்றுப் பாகத்தின் பின்புறத்தில் செய்த ஆண்டையும் பொறித்துவிட்டால், பின்னால் வரும் சேகரிப்பாளர் அதை மூலப் பாகமென்று எண்ணி ஏமாற மாட்டார்.