விரலில் ‘டப்’ என்று கேட்டால்

அந்த இளைஞர் உள்ளே வந்து உட்கார்ந்ததும் விரலைக் காட்டவில்லை, கைபேசியைக் காட்டினார். பின்லாந்தின் லாப்னோர் காட்டுக்குள் இருக்கும் ஒரு கிரானைட் பாறை. உயரம் நாலு மீட்டர்தான் இருக்கும். ஏறுபவரின் முதுகு தரையைப் பார்க்கும் அளவுக்கு முன்னால் சாய்ந்து நிற்கிறது, பிடித்துக்கொள்ள விளிம்பு விளிம்பாக நாலைந்து கீற்றுகள். ‘பர்டன் ஆஃப் ட்ரீம்ஸ்’ என்று பெயர். “இதோட பிரதியை எங்க ஜிம்ல மாட்டியிருக்காங்க சார். ரெண்டாவது பிடியில தொங்கும்போது டப்புனு ஒரு சத்தம்” என்றார். எந்த விரல் என்று கேட்டேன். மோதிர விரல். தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிட்டது.

கயிறு இல்லாமல், கீழே மெத்தை போட்டுக்கொண்டு குட்டைப் பாறைகளில் ஏறுவது போல்டரிங். கையின் பிசியோதெரபிஸ்டாக இருப்பதால் இந்தப் பாறையின் கதை எனக்கு மனப்பாடம், வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். பின்லாந்து வீரர் நல்லே ஹுக்காடைவால் இதை 2013-ல் முயலத் தொடங்கி 2016 அக்டோபரில்தான் ஏறி முடித்தார். போல்டரிங்கில் 9ஏ என்ற மிகக் கடினமான தரம் அன்றுதான் பிறந்தது. அப்புறம் ஆறு வருஷத்துக்கு மேல் வேறு யாராலும் முடியவில்லை. 2023 ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் வில் போசி ஏறினார், அவரை அடுத்து பெல்ஜியத்தின் சைமன் லோரென்சி. போசி முப்பரிமாண ஸ்கேன் வைத்துச் செய்த பிரதியில் பழகிவிட்டுப் போனவர். ஜிம்களில் பிரதி மாட்டும் ஆசை பரவியது அதற்குப் பிறகுதான். ஆனால் போசி சின்ன வயதிலிருந்து ஏறுகிறவர். என் எதிரில் இருந்தவர் ஏற ஆரம்பித்து ஒன்றரை வருஷம்.

அந்த ஒன்றரை வருஷம் ஏன் போதாது? விரலுக்குள் அதை மடக்கும் தசை கிடையாது. தசை முன்கையில் இருக்கிறது, அங்கிருந்து தசைநாண் விரல் நுனிவரை ஓடுகிறது. அந்த நாண் எலும்பை விட்டு எழும்பாமல் இருக்க, தூண்டில் கழியில் கயிற்றைப் பிடித்திருக்கும் வளையங்கள் மாதிரி, விரல் நெடுகச் சின்ன வளையங்கள் உண்டு. விரலின் அடிக்கணுவில் இருப்பது ஏ2. நடு மூட்டைச் செங்குத்தாக மடக்கி, நுனி மூட்டைப் பின்னால் வளைத்து விளிம்பைக் கவ்வுவதை ‘கிரிம்ப்’ என்பார்கள். விரலை நீட்டித் தொங்குவதைவிட அப்போது ஏ2-வில் விழும் சுமை பல மடங்கு. தசை சில மாதங்களில் முறுக்கேறிவிடும். இந்த வளையங்கள் உறுதிப்பட வருஷக்கணக்கில் ஆகும். தெம்பு வந்துவிட்டது, வளையம் வரவில்லை: இந்த இடைவெளியில்தான் ‘டப்’ கேட்கிறது.

வளையம் முழுசாக அறுந்தால், விரலை மடக்கி எதிர்விசை கொடுக்கும்போது நாண் எலும்பை விட்டு மேலெழும். தசைநாண் என்ற பெயரிலேயே நாண் இருக்கிறதே, அப்போது விரல் நிஜமாகவே வில்லாகிவிடும். அல்ட்ராசவுண்டில் இடைவெளியை அளந்தே சொல்லிவிடலாம். ஒரே வளையம் அறுந்திருந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை வேண்டாம். நாண் எழும்பாமல் அழுத்திப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் மோதிரம் செய்து போடுவோம், ஆறிலிருந்து எட்டு வாரம். பல வளையங்கள் போயிருந்தால் கை அறுவை நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும். டேப் சுற்றிக்கொண்டு மறுநாளே சுவரேறுவது மட்டும் வேண்டாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுவது அதைவிட மோசம்.

சரி, இவர் பெரியவர், அவர் விரல் ஆறிவிடும். என்னைத் தூங்கவிடாதவர்கள் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள். அந்த வயதில் வளையத்தைவிடப் பலவீனமானது எலும்பின் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீண்டு வளரும் இடத்தில் இருக்கும் குருத்தெலும்பு. நடு விரலின் நடு மூட்டுக்கு மேல்புறம் லேசாக வீங்கும், கிரிம்ப் செய்தால் வலிக்கும். ‘டப்’ சத்தமெல்லாம் வராது. சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் வளர்ச்சித் தட்டில் விழுந்த விரிசல். எக்ஸ்ரே எடுத்தால் தெரியலாம், தெரியாவிட்டால் எம்ஆர்ஐ. கவனிக்காமல் விட்டால் விரல் கோணலாகவே நின்றுவிடலாம்.

அப்படி ஒரு பையன் வந்தான். நாலு மாதமாக வலி. பயிற்சியாளர் ‘பழகப் பழகச் சரியாயிடும்’ என்றாராம். நான் செய்த சிகிச்சை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, சுவரிலிருந்து இறக்கினேன், அவ்வளவுதான். மூன்றாவது மாத எக்ஸ்ரேயில் விரிசல் ஆறியிருந்தது. அவன் படத்தைப் பார்க்கவே இல்லை.

“இப்ப கிரிம்ப் பண்ணலாமா சார்?”

“பெரிய பிடியில, விரலை மடக்காம. அதுவும் வாரத்துக்கு ரெண்டு நாள்.”

“எத்தனை வாரம்?”

“ஆறு. அப்புறம் வா, பார்க்கலாம்.”

அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் ஏற்கெனவே நாள்காட்டியில் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார்.