எறிகிற கை ஓயும்போது

அங் மோ கியோ வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தப்போ, பத்து விரல் நுனியிலயும் ஊசியால குத்தி ரத்தம் எடுக்கணும்னு பக்கத்து வீட்டு ஆன்ட்டி வாட்ஸ்அப்ல காட்டினாங்க. நான் ஆம்புலன்ஸுக்கு 995-தான் கூப்பிட்டேன். ஆனா, மூளை தன்னைக் காப்பாத்திக்க ஒண்ணுமே செய்யாதா சார்?"

செய்யும். ஆனால் மெதுவாக.

உடல் எடையில் 2 விழுக்காடுதான் மூளை. உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காடு அதற்கே போகிறது. ரத்தக்குழாய் அடைத்தால் நரம்பணுக்களில் ஆற்றல் தீரும், கால்சியம் உள்ளே பாயும், அடைப்பின் நடுப்பகுதி நிமிடங்களில் சாகும். சுற்றியுள்ள விளிம்பு மட்டும் அரை உயிராக மணிக்கணக்கில் கிடக்கும். நம் கதை அந்த விளிம்பில்தான்.

அங்கே ஹிஃப் என்றொரு புரதம். நம் உயிரணுக்கள் ஓயாமல் இதைச் செய்துகொண்டே இருக்கின்றன; செய்த சூட்டோடு அழித்துக்கொண்டும் இருக்கின்றன. தேக்கா புரோட்டாக் கடையில் ஒருவர் ரொட்டி சுட, இன்னொருவர் அதைக் கல்லிலிருந்து எடுத்து நேராகக் குப்பையில் போடுவதைக் கற்பனை செய்யுங்கள். பைத்தியக்காரத்தனம்! ஆனால் சூட்சுமம் எறிகிறவரிடம் இருக்கிறது. அவர் வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். ஹிஃப் மீது ஓர் ஆக்சிஜன் அணுவை ஒட்டினால்தான் அது குப்பை என்று அடையாளமாகும். ஆக்சிஜன் குறைந்தால் எறிகிற கை ஓயும், ரொட்டி தானாகக் குவியும். யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. இதைத் துலக்கியதற்குத்தான் 2019-இல் மூவருக்கு நோபல் பரிசு. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத ஏற்பாடு இது.

குவிந்த ஹிஃப், வளர்ச்சிக் காரணிகள் என்னும் புரதங்களின் மரபணுக்களைத் திறக்கிறது. ஒன்று புதிய ரத்தக்குழாய்களை முளைக்கவைக்கும். இன்னொன்று எரித்ரோபொய்ட்டின்: சிறுநீரகம் சுரந்து சிவப்பணுக்களைப் பெருக்குவது, சைக்கிள் வீரர்கள் திருட்டுத்தனமாக ஏற்றிக்கொண்டதும் இதுவே. மூளையில் நரம்பணுவின் துணையணுக்கள் இதைச் சுரக்கின்றன. அது பக்கத்து நரம்பணுவைத் தொட்டதும், உள்ளே தற்கொலையைத் தூண்டும் 'பேட்' என்ற புரதத்தின் மீது ஒரு பாஸ்பேட் ஏறும். உடனே வேறொரு புரதம் பேட்டைக் கட்டிப்போட்டுவிடும், நரம்பணு பிழைக்கும்.

அப்படியானால் எரித்ரோபொய்ட்டினை ஊசியிலேயே ஏற்றலாமே? எலிகளிடம் பலித்தது. ஜெர்மனியில் 522 பக்கவாத நோயாளிகளிடம் சோதித்து 2009-இல் வெளியிட்டார்கள்: பலனில்லை, மருந்து பெற்றவர்களிடையே இறப்பும் கூடுதல். பிறக்கும்போது ஆக்சிஜன் குறைந்த 500 குழந்தைகளிடம் நடந்த அமெரிக்கச் சோதனையும் 2022-இல் கைவிரித்தது. பணம் வீண் என்பார்கள். நான் ஒப்பமாட்டேன், இத்தகைய சோதனைக்கு இன்னும் கொடுக்கலாம். வாதத்துக்குப் புறா ரத்தம் பூசச் சொல்பவர் எவரும் தம் தோல்விகளை எண்ணி வெளியிட்டு நான் பார்த்ததில்லை.

மரபணு திறந்து, புரதம் சேர்ந்து, காவல் பலப்பட மணிக்கணக்காகும். பெரிய குழாய் அடைத்தாலோ நிமிடத்துக்குச் சுமார் 1.9 மில்லியன் நரம்பணுக்கள் போகும் என்பது ஒரு கணக்கு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம். வாசகியின் அப்பா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது கோப்பிக் கோப்பையை வாதம் தாக்கிய இடது கையாலேயே பிடிக்கிறாராம்.