நுவார் படங்களில் அந்த நிழல் எப்படி விழுகிறது?

பழைய நுவார் படங்களை, அதாவது 1940, 50களின் நிழல் மண்டிய கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்களைப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: இவ்வளவு இருட்டில் எப்படிப் படம் எடுத்தார்கள்? இருட்டில் எடுக்கவே இல்லை. 1940களில் ஹாலிவுட்டில் பலரும் பயன்படுத்திய பிளஸ்-எக்ஸ் ஃபிலிமின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், ஐஎஸ்ஓ கணக்கில் 100-ஐக்கூடத் தொடாது. இன்றைய டிஜிட்டல் கேமராக்கள் 800-இல் சாவகாசமாக வேலை செய்கின்றன. அந்த ஃபிலிமை நிஜமான இருட்டறையில் ஓட்டியிருந்தால் ஒன்றுமே பதிந்திருக்காது. வெளிச்சம் தாராளமாகவே இருந்தது, ஆனால் வேண்டிய இடத்தில் மட்டும் விழுந்தது.

வழக்கமாக ஒரு முகத்துக்கு ஒரு பக்கம் கீ லைட் வைப்பார்கள், அது உண்டாக்கும் நிழலைக் கரைக்க மறுபக்கம் ஃபில் லைட் வைப்பார்கள். நுவார் ஒளிப்பதிவாளர்கள் இந்த இரண்டாவது விளக்கில்தான் கை வைத்தார்கள். ஃபில்லை எட்டில் ஒரு பங்காகக் குறைத்தால் முகத்தின் இரு பாதிகளுக்கும் மூன்று ஸ்டாப் வித்தியாசம் வந்துவிடும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளியில் இரு மடங்கு வித்தியாசம்); சுத்தமாக அணைத்துவிட்டால் பாதி முகம் ஃபிலிமில் வெறும் கறுப்பு. நம் கண் அந்த நிழலுக்குள்ளும் எதையாவது துழாவிப் பார்த்துவிடும், ஃபிலிமுக்கு அந்தத் திறமை குறைவு. அந்தக் குறையையே இவர்கள் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள்.

சரி, அந்த சன்னல் பட்டை நிழல்? நுவார் என்றாலே மனதில் வருவது அதுதான்: வெனிஷியன் பிளைண்ட் எனும் கிடைப்பட்டைத் திரை வழியாக ஒளி வந்து, சுவரிலும் மேல்சட்டையிலும் முகத்திலும் கோடு கோடாக விழும். வெளியே வெயில் அடிக்கிறது என்று நாம் நம்பிவிடுகிறோம். வெயிலாக இருந்தால் பல காட்சிகளில் அப்படி விழுந்திருக்காது.

நிழலின் விளிம்பு எவ்வளவு கூர்மை என்பதை முடிவு செய்வது விளக்கின் பிரகாசம் அல்ல, அதன் அகலமும் தூரமும்தான். கணக்கு சுலபம்: விளக்கின் அகலத்தை, பிளைண்டிலிருந்து சுவருக்கு உள்ள தூரத்தால் பெருக்கி, விளக்கிலிருந்து பிளைண்டுக்கு உள்ள தூரத்தால் வகுத்தால், விளிம்பு எவ்வளவு மங்கும் என்று தெரிந்துவிடும். 30 செ.மீ. அகல விளக்கை பிளைண்டுக்கு 3 மீட்டர் பின்னால் வைத்து, சுவர் 1 மீட்டர் தள்ளி இருந்தால் மங்கல் 10 செ.மீ. பட்டையே 5 செ.மீ.தான் என்றால் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து காணாமல் போய்விடும். அதே விளக்கை 15 மீட்டர் பின்னால் தள்ளுங்கள், மங்கல் 2 செ.மீ. ஆகிவிடும், கோடு தெரியும். தள்ள இடமில்லையா, விளக்கின் முன்னால் ஒளியைக் குவிக்க இருக்கும் ஃப்ரெனல் லென்ஸைக் கழற்றிவிடலாம். அப்போது ஒளி வரும் இடமே சிறுத்துவிடும்.

சூரியன் ரொம்பத் தூரத்தில் இருந்தாலும் வானத்தில் அரை டிகிரி அகலம் கொண்டது. அதனால் 1 மீட்டர் தள்ளி விழும் நிழலில் கிட்டத்தட்ட 9 மி.மீ. மங்கல், 5 மீட்டர் தள்ளி என்றால் நாலரை செ.மீ. ஆகவே பெரிய அறையின் எதிர்ச்சுவரில் கத்தியால் கீறினாற்போல் கோடுகள் விழுந்தால், சன்னலுக்கு வெளியே இருப்பது பெரும்பாலும் விளக்குதான்.

ஆளைவிடப் பத்து மடங்கு பெரிய நிழலுக்கும் இதே வடிவியல்தான். விளக்குக்கு 1 மீட்டர் முன்னால் ஆள், 10 மீட்டரில் சுவர் என்றால், 1.75 மீட்டர் மனிதனின் நிழல் பதினேழரை மீட்டர் எழும். விளக்கைத் தரையோரம் வைத்தால் நிழல் மாடி மாடியாக ஏறும்.

இரவுத் தெருக்கள் ஏன் எப்போதும் நனைந்தே கிடக்கின்றன? 1949-இல் வந்த 'தி தேர்ட் மேன்' படத்தின் வியன்னா தெருக்கள் நினைவிருக்கும்; ராபர்ட் கிராஸ்கருக்கு ஆஸ்கார் வாங்கிக்கொடுத்த ஒளிப்பதிவு அது. தண்ணீர் அடித்து நனைத்த கற்கள். காய்ந்த சாலை சொரசொரப்பானது, விழும் ஒளியை எல்லாத் திசைக்கும் சிதறடித்துச் சாம்பல் நிறமாகத் தெரியும். நனைந்தால் மேலே ஒரு வழவழப்பான நீர்ப்படலம். அதை நேர் மேலிருந்து பார்த்தால் 2 சதவீத ஒளிதான் திரும்பும், ஆனால் செங்குத்திலிருந்து 85 டிகிரி சாய்ந்து, கிட்டத்தட்டத் தரையோடு தரையாகப் பார்த்தால் பாதிக்கு மேல் திரும்பிவிடும். கேமராவைத் தாழ வைத்தால் தூரத்து விளக்கு ஒன்றே தெருவின் நீளத்துக்கும் மின்னும். மின்னாத இடங்களோ முன்னைவிடக் கறுத்துவிடும், ஏனென்றால் கல்லில் பட்ட ஒளியில் ஒரு பகுதி நீர்ப்படலத்துக்குள்ளேயே திருப்பப்பட்டு மீண்டும் கல்லால் உறிஞ்சப்படுகிறது. ஒரு குழாய்த் தண்ணீரில் கறுப்பும் கிடைக்கிறது வெளுப்பும் கிடைக்கிறது!

அப்புறம் புகை. காற்று சுத்தமாக இருந்தால் ஒளிக்கற்றை கண்ணுக்குத் தெரியாது, அதைச் சிதறடிக்கத் துகள்கள் வேண்டும். 'டபுள் இன்டெம்னிட்டி'யில் (1944) தூசி படிந்த வீட்டைக் காட்ட ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் அலுமினியத் துகளைக் காற்றில் பறக்கவிட்டார். புகைத்துகள்கள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிப்பவை, அதனால்தான் பின்னாலிருந்து விளக்கு அடித்தால் சிகரெட் புகை அப்படி ஜொலிக்கிறது. ஜான் ஆல்டன் ஒளிப்பதிவு செய்த 'தி பிக் காம்போ'வின் (1955) முடிவில் பனிமூட்டத்துக்குப் பின்னால் ஒளி, முன்னால் இரண்டு கறுப்பு உருவங்கள். செட் என்று சொல்ல ஏதும் இல்லை, என்னைக் கேட்டால் இந்த வகையிலேயே சிறந்த காட்சி அதுதான்.

செட் மோசமாக இருந்ததால்தான் இருட்டடித்தார்களா என்று கேட்பவர்களும் உண்டு. ஓரளவு உண்மை. போர்க்காலத்தில், 1942-இல், ஒரு படத்தின் செட்டுக்குப் புதிதாக வாங்கும் பொருள்களுக்கு 5,000 டாலர் உச்சவரம்பு வைத்தது அமெரிக்க அரசு. ஆனால் காசு இல்லாததால் மட்டுமே வந்த அழகு என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் ஊரில் 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' ஏவிஎம் தயாரிப்பு, அதிலும் இதே நிழல் விளையாட்டு உண்டு.

வீட்டில் செய்து பார்க்க விரும்பினால் ஒரு மொபைலின் டார்ச்சும் ஒரு சீப்பும் போதும். டார்ச்சின் ஒளிப்புள்ளி சில மி.மீ.தான், அதனால் சீப்பின் பற்கள் சுவரில் கோடு கோடாக விழும். டார்ச் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினால் தாளே விளக்காகிவிடும், கோடுகள் கரைந்துவிடும். இன்னொரு மொபைலில் படம் எடுக்கும்போது நைட் மோடை மறக்காமல் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் பாடுபட்டு உண்டாக்கிய கறுப்பையெல்லாம் அது வெளுத்துக் கொடுத்துவிடும்.