ஒரு கப் எத்தனை கிராம்? எந்தப் பொருள் என்று முதலில் சொல்லுங்கள்

உணவியல் ஆலோசனைக்கு வருபவர்கள் எழுதிக்கொண்டு வரும் குறிப்புகளில் பெரும்பாலும் ‘ஒரு கப்’, ‘இரண்டு ஸ்பூன்’ என்றுதான் இருக்கும். சிலர் இணையத்தில் தேடி, ஒரு கப் 240 கிராம் என்று பக்கத்திலேயே மாற்றியும் எழுதியிருப்பார்கள். அந்த 240 மில்லி லிட்டர் கணக்கு. தண்ணீருக்கு மட்டும்தான் அது ஏறக்குறைய அப்படியே கிராமாகும். அதே கப்பில் மைதா சுமார் 125 கிராம்தான் பிடிக்கும், சர்க்கரை 200, எண்ணெய் 220, தேன் என்றால் 340 வரை போய்விடும். அதனால் எல்லாப் பொருளுக்கும் ஒரே எண்ணைப் போட்டுப் பெருக்குவதை முதலில் விட்டுவிடுங்கள்.

மாவில்தான் சிக்கல் அதிகம். ஸ்பூனால் லேசாக அள்ளிப் போட்டுத் தலைதட்டினால் 120, 125 கிராம் வரும். கப்பையே மாவுக்குள் விட்டு அள்ளினால் 140, 150 ஆகிவிடும், அமுக்கி நிரப்பினால் இன்னும் கூடும். ஒரே கப், ஒரே மாவு, அள்ளுகிற கைதான் வேறு. 25 கிராம் மாவு கூடினால் கிட்டத்தட்ட 19 கிராம் மாவுச்சத்து கூடுகிறது, சாப்பாட்டில் இருக்கும் மாவுச்சத்தை எண்ணி அதற்கேற்ப இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு இது சாதாரண வித்தியாசமே இல்லை.

கப்பும் ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்க கப் சுமார் 237 மி.லி., ஆஸ்திரேலிய கப் 250, ஜப்பானில் 200. டேபிள்ஸ்பூன் பொதுவாக 15 மி.லி., ஆஸ்திரேலியாவில் மட்டும் 20. குறிப்பு எந்த நாட்டுக்காரர் எழுதியது என்று பார்த்துவிட்டு அப்புறம் மாற்றுங்கள்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பொடி உப்பு தலைதட்டிய ஒரு டீஸ்பூன் ஏறத்தாழ 6 கிராம். செதில் செதிலாக வரும் உப்பு அதே ஸ்பூனில் பாதி எடைதான் இருக்கலாம். செதில் உப்புக்கு எழுதிய குறிப்பில் பொடி உப்பை அதே ஸ்பூன் கணக்கில் போட்டால் உப்பு இரட்டிப்பாகிவிடும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவர் வீட்டில் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கும்போது எந்த அட்டவணையும் பார்க்க வேண்டாம். அந்த டப்பாவோடு வந்த ஸ்கூப்பை மட்டும் எடுங்கள், அமுக்காமல் தலைதட்டுங்கள், தண்ணீர் அளவும் டப்பாவில் போட்டிருப்பதுதான். வேறு டப்பாவின் ஸ்கூப் வேறு அளவில் இருக்கலாம். பவுடர் கூடினால் மலச்சிக்கல், நீரிழப்பு எல்லாம் வரலாம், குறைந்தால் குழந்தைக்குச் சத்து போதாது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள். காலிப் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டுப் பொருளைப் போட்டால் எடை நேராகத் தெரியும். நீங்கள் தினமும் எடுக்கும் கப்பில், நீங்கள் வழக்கமாக அள்ளுகிற விதத்திலேயே, மாவையும் சர்க்கரையையும் மூன்று நான்கு தடவை நிறுத்துப் பார்த்துச் சராசரியை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள்; இணைய அட்டவணையைவிட அது உங்களுக்குச் சரியாக இருக்கும். ஆனால் ஈஸ்ட், சோடா உப்பு மாதிரி 2, 3 கிராம் மட்டும் வேண்டிய பொருள்களுக்கு ஒவ்வொரு கிராமாக மட்டுமே கூட்டிக் காட்டும் தராசை நம்ப வேண்டாம், அங்கே தலைதட்டிய அளவு ஸ்பூனே மேல்.